தேனீ, திமிங்கிலம், செம்மறி: ஒரு களிம்பின் கதை

2003-ஆம் ஆண்டு ஜூலை மாதம், லண்டன் அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன டப்பாவைச் சுற்றிப் பெரிய கூட்டம். தேம்ஸ் நதிக்குத் தெற்கே சதர்க் பகுதியில், ரோமானியர் கட்டிய கோயில் வளாகம் ஒன்றைத் தோண்டியபோது கிடைத்த டப்பா அது. வெள்ளீயத்தில் செய்தது, அகலம் ஆறு சென்டிமீட்டர்தான். மூடியைத் திறந்தால், ஏறக்குறைய 1,800 ஆண்டுகளாக உலராமல் உள்ளே வெள்ளைக் களிம்பு. அதில் யாரோ விரலால் வழித்து எடுத்த தடமும் கலையாமல் இருந்தது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் எவர்ஷெட் தலைமையிலான குழு அதைப் பகுத்துப் பார்த்து, அடுத்த ஆண்டு 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டது. ஆடு அல்லது மாட்டின் கொழுப்பு, மாவுச்சத்து, வெண்மைக்காக வெள்ளீய ஆக்சைடு. அவ்வளவுதான். அதே அளவில் புதிதாகச் செய்து கையில் தேய்த்தும் பார்த்தார்கள். கொழுப்பு உடல் சூட்டில் உருகிப் பரவ, மாவு பவுடர் போட்டதுபோல வழவழப்பைத் தந்ததாம். அந்தக் காலத்தில் முகம் வெளுக்க ஈய வெள்ளையைப் பூசுவது வழக்கம், அது நஞ்சு. இந்த டப்பாக்காரி (டப்பாக்காரனாகவும் இருக்கலாம்) தப்பித்துக்கொண்ட ஆள்.

சதர்க் டப்பாவின் களிம்பில் நீர் முக்கியப் பொருள் இல்லை. ஏறக்குறைய அதே நூற்றாண்டில் ரோமில் இன்னொரு களிம்பு புழக்கத்துக்கு வந்தது. அதன் சூட்சுமமே நீர்தான்.

கேலன் கி.பி. 129-ல் பெர்கமத்தில் பிறந்தவர். இன்று அந்த ஊர் துருக்கியில் பெர்காமா. கிளாடியேட்டர்களின் வெட்டுக்காயங்களுக்கு மருந்து கட்டித் தொழில் பழகி, பின்னர் ரோமுக்குப் போய்ப் பேரரசர் மார்கஸ் ஆரேலியஸின் வைத்தியரானார். மருந்தியல் வரலாற்றில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட களிம்பின் செய்முறை எந்த அடுக்களைக்கும் புரியக்கூடியது. ஆலிவ் எண்ணெயில் ரோஜா இதழை ஊறவைத்த தைலத்தில் தேன்மெழுகை உருக்க வேண்டும். ஆறி வரும்போது குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கடைய வேண்டும். தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுக்கும்போது நீரிலிருந்து கொழுப்பைப் பிரிக்கிறோம். இங்கே தலைகீழாக, கொழுப்புக்குள் நீரைப் புகுத்துகிறார்கள். பூசியதும் அந்த நீர் ஆவியாகித் தோல் சில்லென்று ஆகும். 'கோல்டு கிரீம்' என்ற பெயர் வந்தது அதனால்தான். பனிக்காலத்துக்கான கிரீம் என்று நம் ஊர்க் கடைகளில் அர்த்தம் மாறிப்போனது வேறு கதை.

இந்தியாவிலும் இதே கண்டுபிடிப்பு உண்டு. ஆயுர்வேதத்தில் 'சத தௌத கிருதம்' என்றால் நூறு முறை கழுவிய நெய். செப்புப் பாத்திரத்தில் நெய்யையும் குளிர்ந்த நீரையும் சேர்த்துத் தேய்ப்பது, நீரை வடிப்பது, மறுபடி புது நீர் ஊற்றுவது. இப்படி நூறு தடவை. மஞ்சள் நிறமும் நெய் மணமும் குறைந்து, வெண்மையான மிருதுவான களிம்பாக மாறிவிடும். எரிச்சலுக்கும் தீப்புண்ணுக்கும் வெடித்த தோலுக்கும் பூசினார்கள். சித்த மருத்துவத்தின் குங்கிலிய வெண்ணெயும் கிட்டத்தட்ட இந்த வழிதான். நல்லெண்ணெயில் குங்கிலியத்தைக் கரைத்து, நீர் விட்டுக் கடைந்து கடைந்து எடுப்பது. பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பதத்தைப் பார்த்து வைத்த பெயர். யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்ற வழக்கமான சண்டைக்கு இங்கே அவசியமில்லை. கொழுப்பும் நீரும் ரோமில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படித்தான் தஞ்சாவூரிலும் நடந்துகொள்ளும்.

கேலனின் களிம்பு ஐரோப்பிய மருந்தகங்களில் நூற்றாண்டுக்கணக்கில் தங்கியது. வழியில் ஆலிவ் எண்ணெய் போய் வாதுமை எண்ணெய் வந்தது. தேன்மெழுகோடு இன்னொரு மெழுகும் சேர்ந்தது. அதற்குக் கடலில் வேட்டையாட வேண்டியிருந்தது. அம்பர்கிரிஸ் கடத்தியவர்கள் பிடிபட்டதாக அவ்வப்போது செய்தி வருகிறதே, அதே ஸ்பெர்ம் திமிங்கிலம்தான். அதன் பெருத்த தலைக்குள் உயிரோடிருக்கும்போது எண்ணெயாகவும், ஆறினால் வெள்ளை மெழுகாகவும் மாறும் பொருள் ஒன்று இருக்கிறது. ஒரே தலையில் 1,900 லிட்டர் வரைகூடக் கிடைக்கும். மெழுகுவத்திக்காகவும் விளக்குக்காகவும்தான் முதன்மையாகக் கப்பல்கள் போயின. கொஞ்சம் மருந்துக்கடைக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்க மருந்துப் பட்டியலில் 'ரோஜாநீர்க் களிம்பு' என்ற பெயரில் இருந்ததன் சேர்மானம்: திமிங்கில மெழுகு, வெள்ளைத் தேன்மெழுகு, வாதுமை எண்ணெய், ரோஜாநீர், கொஞ்சம் வெங்காரம்.

அந்தக் 'கொஞ்சம் வெங்காரம்' லேசான விஷயமில்லை. கேலன் முறையில் செய்தால் கொழுப்பும் நீரும் அரைமனதாகத்தான் சேர்ந்திருக்கும். சில நாளில் பிரிந்துவிடும். வெங்காரம் தேன்மெழுகின் அமிலத்தோடு சேர்ந்து அந்த இடத்திலேயே துளி சோப்பை உண்டாக்கி, இரண்டையும் இணைத்துப் பிடிக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சேர்க்கை பரவிய பிறகுதான் கிரீம் கைபடாத பனிபோல வெளுத்து, கெட்டியாக, பிரியாமல் நின்றது.

திமிங்கில மெழுகைப் பிரித்து ஆராய்ந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ருல். அதிலிருந்து எடுத்த பொருளுக்குத் திமிங்கிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லை ஒட்டி 'செட்டைல்' என்ற பெயர் வந்தது. வாழ்நாளெல்லாம் கொழுப்பை ஆராய்ந்த அந்த மனிதர் 102 வயதுவரை இருந்தார். இன்று பல மாய்ஸ்சரைசர் பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தால் 'செட்டைல் ஆல்கஹால்' என்று இருக்கும். இப்போது அது பெரும்பாலும் பாமாயிலிலிருந்தும் தேங்காய் எண்ணெயிலிருந்தும் வருகிறது. திமிங்கிலம் போய்விட்டது, அதன் பெயர் பாட்டிலின் முதுகில் தங்கிவிட்டது.

இருந்தும் ஒரு தொல்லை தீரவில்லை. வாதுமை எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். எனவே மருந்தாளர் சிறிது சிறிதாகச் செய்து, வாங்கியவர் சீக்கிரம் தீர்க்க வேண்டியிருந்தது. கப்பலேற்றி அனுப்பவோ, கடையில் ஆறு மாதம் அடுக்கி வைக்கவோ முடியாது. கெடாத எண்ணெய் ஒன்று கிடைத்தால்தான் இது தொழிற்சாலைச் சரக்காகும். அந்த எண்ணெய் பூமிக்கடியில் இருந்தது.

ராபர்ட் செஸ்பரோ என்ற நியூயார்க் இளைஞருக்கு ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயைக் காய்ச்சி விளக்கெண்ணெய் எடுப்பதுதான் பிழைப்பு. 1859-ல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் பெட்ரோலியம் கிடைத்ததும் அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. அப்போது அவருக்கு 22 வயது. புலம்பிக்கொண்டு உட்காராமல், தன் தொழிலைக் கெடுத்த கிணறுகளையே பார்க்கப் போனார். பம்புத் தண்டுகளில் மெழுகுபோன்ற வண்டல் படிந்து வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் அதைத் திட்டிக்கொண்டே சுரண்டி எறிந்தாலும், கையில் வெட்டோ சூடோ பட்டால் அதையே எடுத்துத் தடவிக்கொண்டார்கள். செஸ்பரோ ஒரு வாளி எடுத்துவந்து, ஆண்டுக்கணக்கில் வடித்துச் சுத்தம் செய்து, 1872-ல் 'வாசலைன்' என்று காப்புரிமை வாங்கினார். தன் தோலைத் தானே சுட்டுக்கொண்டு மக்கள் முன்னால் பூசிக் காட்டுவாராம். தினம் ஒரு கரண்டி விழுங்குவார் என்றும் சொல்வார்கள். அதை யாரும் பின்பற்ற வேண்டாம். ஆனால் 1933-ல் இறந்தபோது அவருக்கு 96 வயது.

வாசலைனோடு பிறந்த சகோதரம்தான் மினரல் ஆயில். வாதுமை எண்ணெயின் இடத்தில் அது உட்கார்ந்ததும் கோல்டு கிரீம் கெடுவது நின்றது. விலையும் இறங்கியது.

செம்மறியின் முறை இதற்கிடையில் வந்தது. ஆட்டு ரோமத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்கு மழையிலிருந்து ஆட்டைக் காப்பது. கிரேக்க வைத்தியர் டயாஸ்கொரிடிஸ், கழுவாத ரோமத்தை வெந்நீரில் அலசி மேலே மிதப்பதை வழித்தெடுக்கும் முறையை முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். நாற்றம்தான் பொறுக்க முடியாதது. 1882-ல் ஜெர்மனியில் ஆட்டோ பிரவுன், ஆஸ்கர் லீப்ரைக் இருவரும் அதைச் சுத்திகரித்து 'லனோலின்' ஆக்கினார்கள். நீரைத் தன் எடைக்கு மேலேயே உறிஞ்சிப் பிடிக்கும் கொழுப்பு! அங்கிருந்து இன்னொரு படி ஏறியவர் ஐசக் லிஃப்ஷுட்ஸ். ரோமக் கொழுப்பிலிருந்து அவர் பிரித்த 'யூசெரிட்' வெங்காரம் இல்லாமலே நீரையும் எண்ணெயையும் நிரந்தரமாகக் கட்டிப்போட்டது. ஹாம்பர்க்கில் பையர்ஸ்டார்ஃப் நிறுவனத்தை நடத்திவந்த ஆஸ்கர் ட்ரோப்ளோவிட்ஸ், தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னாவின் யோசனையுடன் அதைக் கொண்டு 1911-ல் ஒரு கிரீம் வெளியிட்டார். பனி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பெயர்: நீவியா. நமக்குத் தெரிந்த நீல டப்பா 1925-ல்தான் வந்தது. லிஃப்ஷுட்ஸும் ட்ரோப்ளோவிட்ஸும் யூதர்கள். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 'யூதக் கிரீம்' என்று போட்டியாளர்கள் பிரசாரம் செய்தார்கள். முகத்தில் பூசுவதற்கும் மதம் பார்த்த காலம்.

பொருள் தயார், இனி வாடிக்கையாளர் வேண்டும். அந்த வேலையை அமெரிக்கர்கள் செய்தார்கள். பான்ட்ஸ் 1846-ல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் தீரான் பான்ட் என்பவர் ஒரு மூலிகைச் சாறு விற்றுத் தொடங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இரண்டு கிரீம்களைக் கொண்டுவந்தது. ஒன்று கோல்டு கிரீம். மற்றது 'வானிஷிங் கிரீம்', தேய்த்ததும் காணாமல் போவது. இது எண்ணெய்ப் பசை குறைந்த, ஸ்டியரிக் அமிலம் சேர்ந்த வேறு சாதி. இரவுக்கு முதலாவது, பகலுக்கு இரண்டாவது என்று விளம்பரம் வகுத்தது. ஒரு பெண்ணுக்கு இரண்டு டப்பா! வியாபார மூளைக்கு இதைவிட உதாரணம் வேண்டாம். பெண் வாக்குரிமைக்குப் போராடிய செல்வச் சீமாட்டி ஆல்வா பெல்மான்ட், 1920-களில் தன் இயக்கத்துக்கு நன்கொடை பெற்றுக்கொண்டு சான்று தந்தார். அடுத்து ருமேனியாவின் அரசி மேரியே தந்தார். கேலனின் புண்களிம்பு இப்படித்தான் இளமையைக் காக்கும் ரகசியமானது. வறண்ட தோலுக்குப் பூசுவது என்ற எளிய உண்மை பின்னுக்குப் போய், சுருக்கத்தை ஓட்டுவது என்ற வாக்குறுதி முன்னால் வந்தது. இந்தத் தொழில் இன்றுவரை அந்த வாக்குறுதியை வைத்துத்தான் நடக்கிறது.

நம் நாட்டில் வேர்பிடித்தது இரண்டாவது டப்பாதான். காணாமல் போகும் அந்த வெள்ளைக் கிரீமுக்கு இங்கே 'ஸ்நோ' என்று பெயர். பம்பாய் பட்டன்வாலாவின் ஆப்கன் ஸ்நோ அந்தக்கால அலமாரிகளில் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. 'ஸ்நோவும் பவுடரும்' என்று ஒரே மூச்சில் சொல்வது தமிழில் கேலிக்கும் பெருமைக்கும் பயன்பட்ட சொற்றொடர். ஆனால் ஸ்நோ வறண்ட தோலுக்கு ஏற்றதல்ல. வியர்வையும் பிசுக்கும் கசியும் இளம் முகத்துக்கானது. அறுபது வயது பாட்டிக்குத் தேங்காய் எண்ணெயே கதி. குளிர் நிஜமாகவே கடிக்கும் வங்காளத்தில் கதை வேறு. அங்கே கௌர் மோகன் தத்தா 1929-ல் லனோலினும் துத்தநாக ஆக்சைடும் போரிக் அமிலமும் சேர்த்துக் கொண்டுவந்த போரோலின், உதட்டு வெடிப்பு முதல் கால் வெடிப்பு வரை எல்லாவற்றுக்கும் வீட்டு மருந்தாகிவிட்டது.

பான்ட்ஸ் என்ற பெயருக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு நினைவும் உண்டு; அது மணக்கும் நினைவு அல்ல. செஸ்பரோவின் நிறுவனமும் பான்ட்ஸும் 1955-ல் இணைந்தன. கிரீம் விற்ற அந்த நிறுவனம் வெப்பமானியும் செய்தது; நியூயார்க் மாநிலத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலை 1980-களில் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. 1987-ல் யூனிலீவர் உலகளவில் எல்லாவற்றையும் வாங்கியதும் அதுவும் கைமாறியது. 2001-ல் ஊரின் பழைய சாமான் கடையொன்றில் பாதரசம் படிந்த கண்ணாடித் துண்டுகள் குவிந்து கிடப்பது வெளிச்சத்துக்கு வந்து, ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 ஆனது.

இவ்வளவு காலமும் கிரீம் ஏன் வேலை செய்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தோலில் எண்ணெய் குறைந்தால் வறட்சி, எண்ணெய் தடவினால் சரி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1952-ல் பாஸ்டனில் இர்வின் பிளாங்க் அதைச் சோதித்தார். காய்ப்புத் தோலின் காய்ந்த துண்டுகளை எண்ணெயில் ஊறப்போட்டார். எத்தனை நாள் ஊறினாலும் அவை வளையாமல் ஒடிந்தன. நீரில் போட்டவை மெத்தென்று ஆயின. மேல்தோலில் ஈரம் சுமார் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் அது விறைத்து வெடிக்கும் என்று அவர் காட்டினார். ஆக வறட்சி என்பது நீர்ப் பஞ்சம். எண்ணெய் அந்த நீரைத் தருவதில்லை, போகாமல் மூடி வைக்கிறது. வெறும் எண்ணெயை உலர்ந்த தோலில் தடவுவதற்கும், ஈரத் தோலில் தடவுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நீரையும் கொழுப்பையும் சேர்த்தே கொடுத்த கேலன், காரணம் தெரியாமலே சரியான இடத்தில் கைவைத்திருந்தார்.

அதன் பிறகு அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் இலையாஸ் மேல்தோலைச் செங்கல் சுவராக விளக்கினார். செத்த செல்கள் செங்கல். இடையில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலம் கலந்த சாந்து. வயதாக ஆகச் சாந்து மெலிகிறது. எண்ணெய்ச் சுரப்பி சோம்புகிறது; பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இன்னும் வேகமாக. சுவரில் விரிசல் விட்டால் இளம் தோல் பூசிக்கொள்ளும் வேகம் முதிய தோலுக்கு இல்லை. முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுவதும், இரவில் காரணமில்லாமல் அரிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். வாசலைன் வெறும் மேல்மூடி என்றுதான் கருதியிருந்தார்கள். அது சாந்து இருக்கும் இடைவெளிக்குள்ளேயே இறங்கிச் சுவர் பழுதுபார்க்க உதவுகிறது என்று இலையாஸின் குழு 1992-ல் கண்டது. கிணற்று வண்டலைத் தடவிய டைட்டஸ்வில் கூலிக்காரர்களுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்க 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

சுவரை இடிப்பது யார் என்று பார்த்தால், முதல் குற்றவாளி குளியலறையில் இருக்கிறார். தோலின் இயல்பு லேசான அமிலம். அமில-கார அளவுகோலில் ஐந்தை ஒட்டி நிற்கும். சோப்பு ஒன்பது, பத்து. அழுக்கோடு சாந்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். வெந்நீர் அதற்குக் கூட்டாளி. 1947-ல் அமெரிக்காவின் டெக்சஸில் ஒரு மருந்தாளர் நுரைக்காத ஒரு கழுவியைச் செய்தார். திமிங்கிலப் பெயருள்ள அதே செட்டைல் ஆல்கஹால் சேர்ந்த 'செட்டாஃபில்' அது. 1957-ல் லீவர் நிறுவனம் அமெரிக்கா முழுதும் இறக்கிய டவ் கட்டியும் இலக்கணப்படி சோப்பு அல்ல. நுரை வந்தால்தான் சுத்தம் என்று நம்பும் கண்ணுக்கு இவை ஏமாற்றமாகத் தெரிந்தாலும், தோல் மருத்துவர்கள் முதியவர்களுக்கு இந்த வகையைத்தான் எழுதித் தருகிறார்கள். அவர்கள் வழக்கமாகச் சொல்வது இவ்வளவே: குளியல் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும், நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கழுவி அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் பாதத்துக்கும் போதும், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் பூசுங்கள்.

எதைப் பூசுவது என்பதில் விலைக்கும் பலனுக்கும் நெருங்கிய உறவு இல்லை. 2004-ல் பிலிப்பைன்ஸில் தோல் வறட்சியுள்ள 34 பேரிடம் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாகவே பயன் தந்தன. பாட்டிகள் அவ்வளவு தப்பாகப் போகவில்லை. எல்லா எண்ணெய்க்கும் இந்த நற்சான்று இல்லை. 2013-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வில் ஆலிவ் எண்ணெய் தோலின் சுவரை இளக்கியது, சூரியகாந்தி எண்ணெய் இளக்கவில்லை. கேலனின் களிம்பில் குறை சொல்ல வேண்டிய பொருள் அந்த ஆலிவ் எண்ணெய் ஒன்றுதான்.

பூசுவது அழகுக்கான சமாசாரம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கணக்கு. அங்கே 14 முதியோர் இல்லங்களில் 980 பேரிடம் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. பாதி இல்லங்களில் கை கால்களுக்குக் காலையும் மாலையும் சாதாரண மாய்ஸ்சரைசர் தடவினார்கள். மற்றவற்றில் வழக்கப்படி விட்டுவிட்டார்கள். கட்டில் விளிம்பில் லேசாக இடித்தாலே காகிதம்போலத் தோல் கிழியும் வயது அது. தினம் இரண்டு வேளை தடவிய இடங்களில் அந்தக் கிழிசல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

பூசுவதில் ஓர் ஆபத்தும் உண்டு என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. தினமும் கிரீம் பூசுபவர்களின் உடையிலும் படுக்கை விரிப்பிலும் கொழுப்பு ஊறிவிடுகிறது. துவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. அதில் சிகரெட் நெருப்போ அடுப்புச் சுடரோ பட்டால் துணி வழக்கத்தைவிட வேகமாகப் பற்றிக்கொள்ளும். இப்படித் தீப்பிடித்து இறந்தவர்களில் முதியவர்களும் உண்டு. திமிங்கிலத் தலையும் பெட்ரோலியக் கிணறும் முதலில் விளக்கு எரிப்பதற்காகவே தோண்டப்பட்டவை என்பது டப்பாவின் மேல் எங்கும் எழுதியிருப்பதில்லை.